ஆறாம் பாகம், எடைப்பாலத்துக்கு முன்

எனக்கு முன்னால் பதினொரு லாரி.
பாடாங் செராய் முச்சந்தியைத் தாண்டும்போதே
வெயில் செம்பனைக் குலைகளின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.
ஆலைப் புகைபோக்கி வழக்கம்போல
வேகவைத்த வாடையை எங்கள் தலையில் ஊற்றுகிறது.
இன்ஜினை அணைத்தேன்.
சீட்டுக்குப் பின்னாலிருந்து
ரொட்டிப் பையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தேன்.
பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில் சொல்லிவைத்து
ஐந்து மாதம் கழித்து வந்தது.

முதல் பாகத்தைத் திறந்தபோது எனக்குப் பதிமூன்று.
தாலிசாவுக்குப் பதினான்கு. அக்கா மாதிரி இருந்தாள்.
இப்போது எனக்கு இருபத்தாறு,
லாரி லைசென்ஸ், இடுப்பு வலி, மோட்டார் கடன்.
அவளுக்கு இன்னும் பதினேழு முடியவில்லை.
நேற்று அவள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஓடியபோது
"ஏய், பார்த்து!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.
பக்கத்து லாரியிலிருந்து ரொஸ்லி தலையை நீட்டினான்,
யாரிடம் பேசுகிறாய் என்று.
போன் என்றேன்.

ஆரம்பப் பாகங்களில் எல்லாம் சொல்லித் தருவார்கள்:
இது உப்புக்கோட்டை, இது பெயர் தின்னும் பறவை,
மணி மூன்று தடவை அடித்தால் கதவைத் திறக்காதே.
ஆறாம் பாகத்தில் விளக்கமே கிடையாது.
மணி மூன்று தடவை அடிக்கிறது. அவ்வளவுதான்.
என் கை தானாகப் போய்
லாரிக் கதவின் பூட்டை அமுக்குகிறது.
தாஜுடீன் கடையில் நான் உட்காரும் முன்னே
சீனி குறைத்த தே ஓ வந்துவிடுமே,
அந்த மாதிரி.

இன்னொரு பிரதி குலிமில்,
கையுறைத் தொழிற்சாலையில், நளாயினியின் லாக்கரில்.
அவளுக்கு இரவு ஷிப்ட்.
நான் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தபோது
மூன்று அத்தியாயம் முன்னால் போய்விட்டாள்.
விடிகாலை ஒரு குரல்பதிவு. எட்டு விநாடி.
பேச்சே இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்,
பின்னால் கம்பெனி பஸ்ஸின் ஹாரன்.

யாரோ சாகப் போகிறார்கள்.
யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.
படிவம் இரண்டிலேயே அப்படித்தான்,
கணக்குப் பாடத்தில் ஓடக்காரனைக் கொன்றுவிட்டு
அளவுகோல் இரவல் கேட்டாள்.

பதினாறாம் அத்தியாயம்.
போர் என்று புரட்டினால் போர் இல்லை.
ஒரு கழுதை வண்டிக்காரன்.
இரண்டாம் பாகத்தில் இரண்டே வரி வந்தவன்,
தாலிசா ஒளிந்து தப்பிய உப்பு வண்டி அவனுடையது.
அப்போது பெயர்கூட இல்லை.
இப்போது இருக்கிறது: ஒர்தான்.

இருபத்திரண்டு பக்கம் முழுக்க
கோட்டை வாசலில் வரிசையில் நிற்கிறான்.
உப்பை நிறுக்க வேண்டும்,
தராசுக்காரன் சாப்பிடப் போயிருக்கிறான்.
மேலே பறவைகள் யார் யார் பெயரையோ கொத்துகின்றன.
இவன் கழுதையின் காதிலிருந்து உண்ணி பிடுங்குகிறான்,
முன்னால் எத்தனை வண்டி என்று எண்ணுகிறான்.
பதினான்கு.
எனக்கு அந்நேரம் ஏழுதான் மிச்சம்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பின்னால் ஹாரன். வரிசை நகர்ந்திருக்கிறது,
நான் நகரவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு விரல் காட்டினேன்:
ஒரு பக்கம், ஒரே பக்கம்.
நாலு பேர் மூன்று மொழியில் திட்டினார்கள்.

எடைப்பாலத்தில் ஏறும்போது
புத்தகம் என் மடியில் விரிந்தே கிடந்தது.
இருபத்தேழு டன் நானூற்று அறுபது கிலோ,
ஒர்தானின் உப்பையும் சேர்த்து.
சீட்டை வாங்கிப் பக்கத்துக்குள் செருகினேன்.

நளாயினி அழுதது இவனுக்காகவா?
இரண்டு வரிக்காரனுக்காக யார் அழுவார்கள்?

அழுவாள். அவள் அழுவாள்.

குலை கொட்டும் மேடையில் ஆள் கையசைக்கிறான்.
நான் நிழல் பார்த்து லாரியை ஓரம் கட்டி
சீட்டை உருவினேன்.